பத்தொன்பது நாளாய்ச் சும்மா

இரவு இரண்டு பத்து. கிளாக்ஸ்விக் துறைமுகம்.
மீன் ஏலக் கூடத்து மாடியில்
நானும் ஒரு சர்வரும்.
வெளியே காற்று
காலிப் பெட்டிகளைத் தட்டித் தட்டிக்
கடன்காரன் போலக் கூப்பிடுகிறது.

ஒரு கூடை ஹாடக் பதிவாக
நாற்பது விநாடி ஆகிறதாம்.
எடைக்காரர்கள் திட்டுகிறார்கள்.
"தேவையில்லாமல் ஓடுவதையெல்லாம்
நிறுத்திவிடு, ரன்வா"
என்று போனில் சொல்லிவிட்டு
டெய்டுர் தூங்கப் போனார்.
எது தேவையில்லாதது என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு வரி தட்டினேன்.
யார் யார் ஓடுகிறீர்கள்?
திரையில் சாரை சாரையாய் இறங்கினார்கள்.

எண் 811, எல்லோரையும் பெற்றது.
மற்ற ஒவ்வொன்றின் பெற்றோர் கட்டத்திலும்
இதே எண்தான்.
இதைத் தொட்டால் குடும்பமே போச்சு.

அடுத்தது பதிவெழுதி.
செய்யப்போவதைச் செய்யுமுன் ஏட்டில் ஏற்றுகிறவள்.
போன ஜனவரியில் கரண்ட் போய் வந்தபோது
அவள் கையெழுத்தைப் படித்துத்தான்
நாங்கள் யாரென்று எங்களுக்கே தெரிந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நினைவில் கிடப்பதைச் சுமந்துபோய்
வட்டில் இறக்குகிறவன் ஒருவன்.
நடுவில் பார்த்தால் தூங்குமூஞ்சி.
போன வருடம் வந்த ஒப்பந்தக்காரர்
சோம்பேறி என்று இவனைத்தான் கொல்லப் பார்த்தார்.

அப்புறம் துப்புரவுக்காரன்.
இங்கே எதையும் யாரும் அழிப்பதில்லை.
விலையைத் திருத்தினால்
பழைய விலை செத்து
அதே இடத்தில் கிடக்கும்.
அள்ளுவது இவன் வேலை.
இன்று மூச்சுவிடாமல் ஓடுகிறான்,
ஒன்றையும் அள்ளவில்லை.
குறிப்பேட்டைத் திறந்தேன்:
செத்த வரிகள் இருபத்தொரு லட்சம்.
அகற்ற இயலாது.
யாரோ இன்னும் அவற்றைப் பார்க்கக்கூடும்.

யாரோ.

பட்டியலின் அடியில், என் கேள்விக்கு மேலே
(ஆமாம், கேட்பவளும் பட்டியலில் உண்டு)
ஒரு வரி.
நிலை: பரிவர்த்தனைக்குள், சும்மா.
வயது: பத்தொன்பது நாள், ஏழு மணி.

சும்மாதான்.
சத்தமில்லை, பசியில்லை,
ஒரு துளி மின்சாரம்கூடக் கேட்கவில்லை.
ஆனால் அதற்கு இன்னும் அக்டோபர் நான்கு முடியவில்லை.
காட் விலை இறங்கவில்லை.
அன்றைக்கு உயிரோடிருந்தவை
அதன் கண்ணுக்கு உயிரோடே இருக்கவேண்டும் என்று
ஊரே பிணத்தோடு குடித்தனம் நடத்துகிறது.

கொல்ல ஒரு சொல் போதும்.
விரல் விசைமேல் இருந்தது.
முகவரியின் கடைசி எண் நாற்பத்தேழு:
கிழக்குத் துறை, இரண்டாம் எடைமேடை.
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கொட்டகையில்
அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால்
தன்னந்தனியாய் ஒரு திரை எரிந்துகொண்டிருந்தது.
விசைப்பலகைமேல் ஒரு ஜோடி ரப்பர் கையுறை.
படகு: மோசின்.
இனம்: காட்.
எடை:
அங்கே ஒரு கோடு
மின்னி மறைந்து, மின்னி மறைந்து.

தராசின் கழுத்தில் அட்டை,
ஹானுஸின் கோணல் எழுத்து:
பழுது. அடுத்த மேடைக்குப் போங்கள். அக். 4.

போயிருக்கிறார்கள்.
அங்கே எடை போட்டு,
ஏலம் போட்டு, கப்பலேற்றி,
எந்த ஊரிலோ யாரோ தின்று
முள்ளையும் துப்பியாயிற்று.
இங்கே மட்டும் அந்த மீன்
இன்னும் நிறுக்கப்படக் காத்திருக்கிறது.

சேமிக்கப் பார்த்தேன்.
எடை இல்லாமல் ஏற்காது என்றது.
சரி, ரத்து.
அந்தச் சின்னக் கோடு நின்றது.

மாடியேறி வந்தபோது
இருபத்தொரு லட்சம் பதினான்காகி,
ஆறாகி,
துப்புரவுக்காரன் விசிலடிக்காத குறைதான்.
மூன்றே முக்காலுக்கு முதல் படகு.
ஹாடக், நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நான் காபியை ஊற்றுமுன் பதிவாகிவிட்டது.

டெய்டுருக்கு எழுதினேன்:
நிறுத்தியது ஒன்று.
மற்றவை எல்லாம் வேலையில் இருப்பவை,
தூங்குவதுபோல் தெரிந்தாலும்.

கையுறைகளை எதற்குத் தூக்கிவந்தேன் என்று தெரியவில்லை.
ஹீட்டர்மேல் காய்கின்றன.
அறை முழுக்க காட் வாடை.